ஒரு காது செத்த ஹேண்ட்ஸ்ஃப்ரீ

கொழும்பு மாளிகாவத்தைத் தொடர்மாடியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு மாடி கீழே ஒரு பையன் இருக்கிறான். கணிதப் பிரிவு, உயர்தரப் பரீட்சைக்கு இரண்டாம் தடவை. இரவு பதினொன்றுக்குப் பிறகு நித்திரை வராமல் வராந்தாவில் உலாத்துவான். ஒருநாள் சுவரில் சாய்ந்து, காதில் ஹேண்ட்ஸ்ஃப்ரீயோடு கண்மூடி இருந்தான். என்ன பாட்டு என்று கேட்டேன்.

"பாட்டு இல்ல மாமா. பைனோரல் பீட்ஸ். மூளைய அல்ஃபாவுக்குக் கொண்டு போகும்."

எனக்கும் கேட்க வேண்டும்போல் இருந்தது. ஒரு பக்கத்தைக் கழற்றித் தந்தான். காதில் வைத்தேன், ஒன்றும் கேட்கவில்லை.

"அந்தக் காது செத்து ஆறு மாசம். இந்தக் காதப் போடுங்க."

அதில் கேட்டது. பழைய பிரிட்ஜ் ஒன்று தூரத்தில் ஓடுவதுபோல் ஒரே சீரான ரீங்காரம். ஆறு மாதமாக இப்படித்தான் கேட்கிறாயா என்றேன். "ஓ மாமா, நல்லா வேல செய்யுது. போட்டு அரை மணித்தியாலத்தில நித்திர."

அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் அவன் ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தது பைனோரல் பீட்ஸும் இல்லை. ஒரு காதால் அதைக் கேட்கவே முடியாது. அப்படியென்றால் அவனைத் தூங்க வைத்தது எது? ஒலியால் மூளை அலைகளைத் தூண்டி மனத்தைச் சீராக்கலாம் என்ற பெரிய பேச்சு முழுவதையும் இந்தச் சின்னக் கேள்வியை வைத்துக்கொண்டே பார்த்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பௌதிகவியல் படித்தவர்களுக்கு அடிப்பு என்பது பழைய கதை. மீடிறனில் சற்றே வேறுபட்ட இரண்டு இசைக்கவைகளைச் சேர்த்து ஒலிக்கவிட்டால் ஓசை பெருத்தும் சிறுத்தும் 'வவ்வவ்' என்று அலையும். ஒன்று 200 ஹெர்ட்ஸ், மற்றது 210 ஹெர்ட்ஸ் என்றால் செக்கனுக்குப் பத்து அடிப்பு. தம்புராவுக்குச் சுருதி கூட்டுகிறவர் பிரடையை முறுக்கிக்கொண்டே காது கொடுப்பது இந்த அலைவுக்குத்தான். அது அடங்கினால் சுருதி சேர்ந்தது. இந்த அடிப்பு காற்றிலேயே உண்டாகிவிடுகிறது. கேட்க ஒரு காது போதும்.

1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரஷ்ய பௌதிகவியலாளர் ஹைன்ரிஷ் வில்ஹெல்ம் டோவே வேறொன்றைக் கவனித்தார். ஒரு தொனியை இடது காதுக்கும் மற்றதை வலது காதுக்கும் தனித்தனியே கொடுத்தார். காற்றில் இரண்டும் கலக்க வழியே இல்லை. அப்படியிருந்தும் கேட்பவருக்கு அடிப்பு கேட்டது. அது உண்டாகும் இடம் தலைக்குள், மூளைத்தண்டில், இரண்டு காதுகளின் செய்தியும் முதன்முதலாகச் சந்திக்கும் நரம்புக் கருக்களில். அந்த இடத்துக்கு இயற்கை கொடுத்த வேலை திசை அறிவது. பின்னால் வரும் த்ரீவீலின் ஹோர்ன் இடது காதை வலது காதைவிடக் கடுகளவு முந்தி எட்டுகிறது. அந்தக் கடுகளவை அளந்துதான் நாம் வலப்பக்கம் ஒதுங்குகிறோம். இரண்டு காதுக்கும் வெவ்வேறு தொனியைக் கொடுக்கும்போது இந்தத் திசைமானி குழம்புகிறது. குழப்பம் அடிப்பாகக் கேட்கிறது. தொனி 1000 ஹெர்ட்ஸைத் தாண்டிப் போகப் போக நரம்புகளால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் அடிப்பு மங்கிவிடும்.

பையனின் கதைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஒரு பக்கம் செத்தால் மிஞ்சுவது ஒற்றைத் தொனி. கணக்குக்குப் பத்து ஹெர்ட்ஸ் வரவே வராது. போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் கேட்கிறவர்களுக்கும் அப்படித்தான்: இரண்டு தொனியும் காற்றிலேயே கலந்து தம்புராக்காரரின் சாதாரண அடிப்பாகிவிடும்.

சரி, ஏன் பத்து? அந்தக் கதையின் தொடக்கம் ஒரு குதிரை. ஹான்ஸ் பெர்கர் இளவயதில் இராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டியின் சில்லுக்கு மயிரிழையில் தப்பினார். அதே நாள், தூரத்தில் இருந்த அவருடைய சகோதரிக்குத் தம் சகோதரனுக்கு ஏதோ ஆபத்து என்று மனம் பதைத்து, வீட்டிலிருந்து தந்தி வந்தது. மனத்திலிருந்து மனத்துக்குச் செய்தி கடத்தும் சக்தி ஒன்று இருக்க வேண்டும் என்று அதைத் தேடித்தான் அவர் மனநல மருத்துவத்துக்கு வந்தார். ஜெர்மனியின் யேனா நகரில் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்து 1929இல் வெளியிட்டார். தேடிய சக்தி அகப்படவில்லை. அகப்பட்டது, ஒருவர் கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது செக்கனுக்குப் பத்து அளவில் எழுந்து, கண்ணைத் திறந்தால் ஒடுங்கிவிடும் ஓர் அலை. அல்ஃபா அதுதான். பிறகு மற்றவற்றுக்கும் பெயர் வைத்தார்கள். 4க்குக் கீழே டெல்டா, ஆழ்ந்த உறக்கம். 4 முதல் 8 வரை தீட்டா, அரைத்தூக்கம். 8 முதல் 13 வரை அல்ஃபா. 30 வரை பீட்டா, விழிப்பும் வேலையும். அதற்கு மேல் காமா.

விற்பனைக்காரர்கள் இந்தப் பட்டியலைச் சாப்பாட்டுக் கடை விலைப்பட்டியல்போல் வாசிக்கிறார்கள். நித்திரை வேண்டுமா, டெல்டா ஒன்று. படிக்க வேண்டுமா, பீட்டா ஒன்று. எங்கள் தொடர்மாடியிலிருந்து பார்த்தால் பிரேமதாச மைதானத்தின் மின்விளக்குகள் தெரியும். விளக்கு எரிந்தால் இன்றைக்கு மாட்ச் என்று விளங்கிக்கொள்வோம். அதற்காக யாராவது போய் விளக்கைப் போட்டுவிட்டால் மாட்ச் தொடங்கிவிடாது. அல்ஃபா அலை அமைதிக்கு அடையாளம் என்பது ஒரு பேச்சு. அல்ஃபாவை எழுப்பினால் அமைதி வந்துவிடும் என்பது இன்னொரு பேச்சு. முதலாவதுக்கு நூறு வருடச் சான்று இருக்கிறது. இரண்டாவதை 1973இல் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் ஜெரால்ட் ஆஸ்டர் எழுதிய கட்டுரைக்குப் பிறகே உலகம் பெரிதாகப் பேசத் தொடங்கியது. ஆஸ்டர் நிதானமானவர், ஒலியைக் காதும் மூளையும் எப்படிக் கையாளுகின்றன என்று அறிய அடிப்பு நல்ல கருவி என்பதே அவர் கவனம். வர்ஜீனியாவில் வானொலி நிகழ்ச்சித் தொழிலில் இருந்த ராபர்ட் மன்றோ 1975இல் காப்புரிமை எடுத்து, உடலை விட்டு வெளியேறும் அனுபவம்வரை அதைக் கொண்டுபோனார். இன்று போனில் வரும் ஒலிக்கோப்புகளின் வம்சாவளி ஆஸ்டரைவிட மன்றோவுக்கே கிட்ட.

மூளை ஒலியைப் பின்தொடரும் என்பது உண்மை. செக்கனுக்கு 40 தடவை ஏறி இறங்கும் ஓசையைக் கேட்பித்தால் தலையில் ஒட்டிய மின்வாய்களிலும் 40 ஹெர்ட்ஸ் துடிப்பு தெளிவாக எழும். 1981இல் ராபர்ட் கலம்போஸ் குழு இதை விவரித்தது. கேட்கிறதா என்று வாயால் சொல்லத் தெரியாத கைக்குழந்தையின் காதைச் சோதிக்க மருத்துவர்கள் இந்த வகைத் துடிப்பைத்தான் பார்க்கிறார்கள். அந்தக் குழந்தை சோதனை முடிந்து ஞானி ஆகிவிடுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். ஒலி போன இடத்தில் மூளை துடித்தது, அவ்வளவு. அந்தத் துடிப்பு மனநிலையை இழுத்துக்கொண்டு போகிறதா என்பதில்தான் வழக்கு.

வழக்கின் ஒரு பக்கத்தில் நிற்கும் நல்ல சாட்சி 2005இல் வெளியானது. பத்மநாபன் என்ற மயக்க மருந்து மருத்துவரும் உடன் ஆய்வாளர்களும் இங்கிலாந்தில், அன்றே வீடு திரும்பும் சிறு அறுவைச் சிகிச்சைகளுக்கு வந்த 108 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு பைனோரல் அடிப்பு கலந்த இசையை அரை மணி நேரம் கேட்டது. இரண்டாம் குழு அதே இசையை அடிப்பு இல்லாமல் கேட்டது. மூன்றாம் குழுவுக்கு ஒன்றும் இல்லை. பதற்றத்தை அளக்கும் வினாக்கொத்தில் புள்ளி முதல் குழுவுக்கு 26.3 சதவீதம் குறைந்தது. இரண்டாம் குழுவுக்கு 11.1, மூன்றாம் குழுவுக்கு 3.8. கத்திக்குப் போகுமுன் ஒருவருடைய பயம் கால்வாசி குறைகிறது என்றால் அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. எந்த மாத்திரையும் இல்லை, பக்கவிளைவு இல்லை. இந்த ஆய்வில் நான் மறக்காத எண் நடுவில் இருக்கும் 11.1. வெறும் இசை, வெறும் ஹெட்போன், கண்ணை மூடிய அரை மணி நேரம், அதற்கே அவ்வளவு.

பிறகு வந்தவை ஒரே திசையில் நிற்கவில்லை. 2019இல் கார்சியா-அர்கிபாய் குழு 22 ஆய்வுகளைத் திரட்டி, பதற்றம், வலி, கவனம், நினைவாற்றல் எல்லாவற்றையும் சேர்த்து நடுத்தர அளவில் பலன் உண்டு என்றது. 2023இல் இங்கெண்டோ குழு அடிப்படைக் கேள்வியை மட்டும் எடுத்தது: பைனோரல் அடிப்பைக் கேட்டால் மூளை அலை உண்மையில் அந்த மீடிறனுக்கு நகர்கிறதா? தகுதியான 14 ஆய்வுகளில் ஐந்து ஆம் என்றன, எட்டு இல்லை என்றன, ஒன்று இரண்டும் கெட்டான். அதற்கு முன்பே, 2020இல், மொன்றியலில் ஒரு குழு பைனோரல் அடிப்பையும் காற்றில் கலந்த சாதாரண அடிப்பையும் ஒரே ஆட்களில் வைத்துப் பார்த்திருந்தது. மூளை இரண்டையும் பின்தொடர்ந்தது. பைனோரலைப் பின்தொடர்ந்தது பலவீனமாக. மனநிலையில் இரண்டும் ஒரு மாற்றமும் செய்யவில்லை. இரண்டு காதுக்கு இரண்டு தொனி என்ற வித்தையைவிட, சுருதி சேராத தம்புரா மூளைக்குப் பலமான அடிப்பைக் கொடுக்கிறது என்பது இதன் பொருள். விளம்பரக்காரர் யாரும் இதைச் சொல்லக் கேட்டதில்லை.

போலந்தில் இருந்து 2023இல் வந்த கிளிகோவ்ஸ்கி குழுவின் ஆய்வு எங்கள் பையனுக்கு நேராகப் பொருந்தும். ஆய்வுகூடத்தை விட்டு, ஆயிரம் பேரைத் தங்கள் வீட்டிலேயே கேட்க வைத்துச் சிந்தனைத் திறனைச் சோதித்தார்கள். பைனோரல் அடிப்பு கேட்டவர்கள் மோசமாகச் செய்தார்கள். மூளைக்கு நல்லது என்று நம்பிக்கை ஊட்டியும் பயனில்லை. படிக்கும்போது போட்டால் மண்டை ஓடும் என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஆய்வை யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்றையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது: 2024இல் வெளியான ஓர் ஆய்வில், செக்கனுக்கு 16 தடவை அதிரும்படி வேகமாக ஏற்றி இறக்கிய இசை, கவனக் குறைபாட்டு அறிகுறிகள் கூடியவர்களுக்கு உதவியது. அது பைனோரல் இல்லை, இசையையே அதிரவிட்டது. ஆய்வாளர்களில் ஒருவர் அத்தகைய இசையை விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர். அதை அவர்களே அறிவித்திருக்கிறார்கள்.

யார் கேட்கிறார்கள்? 2021ஆம் ஆண்டின் உலக போதைப்பொருள் கணிப்பில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் விடையளித்தார்கள். அவர்களில் சுமார் 5 சதவீதம் பேர் முந்திய வருடத்தில் பைனோரல் அடிப்பைக் கேட்டிருந்தார்கள். கேட்டவர்களில் முக்கால்வாசிக்குக் கிட்ட ஓய்வுக்கும் உறக்கத்துக்கும். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மனநிலையை மாற்ற. போதைபோல ஏதாவது கிடைக்குமா என்று கேட்டவர்கள் பத்தில் ஒருவர் அளவே.

இரண்டு ஆராய்ச்சிகளைப் பற்றிச் சுருக்கமாகவாவது சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பனைக்காரர்கள் அவற்றின் நிழலில் ஒதுங்குகிறார்கள். ஒன்று எம்.ஐ.டி.யில் லீ-ஹுவே சாய் நடத்துவது. 2016இல் ஒளியாலும் 2019இல் ஒலியாலும் எலிகளுக்கு 40 ஹெர்ட்ஸ் துடிப்புக் கொடுத்து, அல்ஸைமர் நோயோடு தொடர்புடைய புரதப் படிவு குறைந்தது என்று காட்டினார்கள். 2023இல் நியூயோர்க்கில் புஷாகியின் ஆய்வுகூடம் ஒளியை வைத்து அதையே செய்து பார்த்தபோது அந்த முடிவு வரவில்லை. எலியிலேயே தகராறு தீராத ஒன்றை மனுசனுக்கு மாதச் சந்தாவில் விற்கிறார்கள். மற்றது 2013இல் ஜெர்மனியில் நடந்தது; எனக்கு அதில் மதிப்பு அதிகம். பதினொரு பேர் உறங்கும்போது அவர்களுடைய ஆழ்ந்த உறக்க அலை மேலே எழும் கணத்தைக் கருவி பார்த்திருந்து, அந்தக் கணத்தில் மட்டும் மெல்லிய இரைச்சல் துணுக்கு ஒன்றைக் கொடுத்தது. அலை வலுத்தது, முந்தின மாலை படித்த சொற்கள் காலையில் கூடுதலாக நினைவில் நின்றன. கணம் தவறிக் கொடுத்தபோது பலன் இல்லை. அங்கே ஒலிதான் மூளையைப் பின்தொடர்ந்தது. ஊஞ்சல் ஆட்டும் பிள்ளை ஊஞ்சல் வரும்வரை காத்து நின்று தள்ளுவதைப் போல. இரவு முழுக்க ஒரே ரீங்காரத்தைப் போட்டுவிட்டுப் படுப்பதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஆகவே பையனைத் தூங்க வைத்தது எது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கு எனக்குக் கிடைத்த சிறந்த விடை 2001இன் இறுதியில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஓர் இத்தாலிய ஆய்வில் இருக்கிறது. பெர்னார்டியும் குழுவும் 23 பேரை லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்ல வைத்தார்கள். பிறகு திபெத்திய மந்திரம் ஒன்றை உச்சரிக்க வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறாக இறங்கியது. நம் இரத்த அழுத்தம் இயல்பிலேயே சுமார் பத்துச் செக்கனுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. மூச்சும் அந்தக் கதியில் சேர்ந்ததும் இதயத்தின் தாளக் கட்டுப்பாடு வலுப்பெற்றது. மீடிறன் பேச வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு இதையும் ஹெர்ட்ஸிலேயே சொல்லலாம்: 0.1. பத்தும் நாற்பதும் கொண்ட இந்தக் கூட்டத்தில் உடலோடு ஒட்டிய சான்று உள்ள எண் இந்தப் பத்தில் ஒன்றுதான். அதற்கு ஹேண்ட்ஸ்ஃப்ரீ வேண்டாம், டேட்டாவும் வேண்டாம்.

அந்தக் கட்டுரையில் வேறொரு குறிப்பும் உண்டு. ஜெபமாலை ஐரோப்பாவுக்குச் சிலுவைப் போர்க்காரரோடு வந்தது, அவர்கள் அரபிகளிடமிருந்து எடுத்தார்கள், அரபிகள் திபெத்தியத் துறவிகளிடமும் இந்திய யோகிகளிடமும் இருந்து எடுத்தார்கள் என்பது. வரலாற்றாசிரியர்கள் இதை எவ்வளவு ஒப்புவார்களோ, எனக்குப் பிடித்திருக்கிறது. கொட்டாஞ்சேனையில் புனித லூசியா தேவாலயத்தில் உருளும் மணியும் மாளிகாவத்தையில் என் உம்மும்மாவின் விரலில் உருண்ட தஸ்பீஹ் மணியும் ஒரே சரடு என்றால் நல்லதுதானே. சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34. அவருக்கு அல்ஃபாவும் தெரியாது, பீட்டாவும் தெரியாது. இஷாத் தொழுகைக்குப் பிறகு அந்த நூறு முடியும்போது அவருடைய மூச்சு எவ்வளவு ஆறுதலாகிவிடும் என்பதை மடியில் படுத்திருந்த எனக்குத் தெரியும்.

இதை வெறும் ஏக்கம் என்று ஒதுக்கிவிடாதபடி மருத்துவமாகவே செய்து பார்த்தவர் நம்மிடையே உண்டு. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் மனக்காயங்களைப் பற்றி 1998இல் நூல் எழுதியவர். குண்டுக்கும் இடப்பெயர்வுக்கும் நடுவில், மருந்தும் ஆளும் போதாத ஊரில், பதற்றத்தோடு வந்தவர்களுக்கு அவர்களுடைய மரபிலிருந்தே தளர்வுப் பயிற்சிகளை எடுத்துக் கொடுத்தார். சைவருக்கு ஓம், கிறிஸ்தவருக்கு ஜெபம், முஸ்லிம்களுக்கு தஸ்பீஹும் திக்ரும், பௌத்தருக்கு அவர்களுடைய சரணம். ஒவ்வொருவரும் சிறுவயதிலிருந்து அறிந்த சொல். வெளியிலிருந்து காதுக்குள் ஊற்றும் ஒலி இதில் எங்கும் இல்லை. வாயிலிருந்து புறப்பட்டுச் சொந்த மூச்சை இழுத்துக்கொண்டு போகும் ஒலி. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்திலிருந்து 2011இல் வந்த ஒரு சிறு ஆய்விலும், ஓம் சொல்லும்போது மூளையின் உணர்ச்சிப் பகுதிகளில் செயற்பாடு தணிந்தது, வெறுமனே 'ஸ்ஸ்' என்று சொன்னபோது தணியவில்லை.

இந்த இடத்தில் யாராவது கூட்டு திக்ர் சடங்கான ராத்திபைக் கொண்டுவருவார்கள். ரிபாயி ராத்திபில் பக்கீர்மார் றபான் அடிக்க, உடலில் ஊசி குத்திக்கொள்கிறவருக்கு வலி தெரிவதில்லை, ஆகவே தாளம் மூளையை மாற்றுகிறது என்று. (ராத்திபு கூடுமா கூடாதா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை, அதற்கு எங்கள் தெருவில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.) 1962இல் ஆண்ட்ரூ நெஹர் பறையொலியைப் பற்றிக் கிட்டத்தட்ட இதையே எழுதினார். பிரெஞ்சு இசையியலாளர் ஜில்பேர் ரூஜே பின்னர் அதைக் கேலி செய்தார்: அது உண்மையென்றால் ஆப்பிரிக்காவில் பாதிப்பேர் வருடம் முழுக்க மெய்ம்மறந்தே இருக்க வேண்டும். நம் ஊருக்கும் அது பொருந்தும். பிரேமதாச மைதானத்தில் 35,000 பேர் இருக்கலாம். பப்பரே பேண்ட் விடாமல் அடிக்கும். மாட்ச் முடிந்ததும் எல்லோரும் தெளிவாகத்தான் பஸ்ஸுக்குச் சண்டை பிடிக்கிறார்கள். தாளத்தோடு நம்பிக்கையும் கூட்டமும் ஷெய்க்கும் வேண்டும். கூட்டத்தின் பங்குக்குச் சான்றும் இருக்கிறது. 2010இல் ஒக்ஸ்ஃபோர்டு படகோட்டிகளை ஒரே அளவு உழைப்போடு தனியாகவும் சேர்ந்தும் துடுப்புப் போடவிட்டுப் பார்த்தார்கள். ஒரே கதியில் சேர்ந்து போட்டவர்களால் வலியைக் கூடுதலாகத் தாங்க முடிந்தது. ஹேண்ட்ஸ்ஃப்ரீ இதற்கு நேரெதிர். அது ஒருவரைக் கூட்டத்திலிருந்து கழற்றி எடுக்கிறது.

அது குறையா நிறையா என்று கேட்டால், மாளிகாவத்தையில் நிறை. ரயில் யார்ட்டின் இரும்புச் சத்தம், மருதானைக்கும் தெமட்டகொடைக்கும் நடுவில் ஓடும் ரயில், மேல்வீட்டுத் தண்ணீர் மோட்டர், கீழே த்ரீவீல், பக்கத்துச் சுவரில் டீவி. மூன்று பிள்ளைகளும் ஒரு படுக்கை அறையும் உள்ள வீட்டில் கதவு என்று ஒன்று இருப்பது காதில்தான். சீரான ரீங்காரம் மற்றச் சத்தங்களை மூடுகிறது. 'இதைப் போட்டால் நித்திரை' என்று உடல் பழகிவிடுகிறது. அரை மணி நேரம் போனின் திரையைப் பார்க்காமல் கண்ணை மூடிக் கிடக்கிறான். இந்த மூன்றுக்கும் ஒரு காது போதும். இதுதான் என் விடை. இதில் பைனோரலுக்கு இடமில்லாததால் பலன் பொய் என்று ஆகிவிடாது.

ஆனால் காசு கேட்கும்போது கவனம் வேண்டும். 528 ஹெர்ட்ஸ் மரபணுவைத் திருத்தும், பழங்காலத் துறவிகளின் இரகசிய மீடிறன் என்கிறார்கள். ஹெர்ட்ஸ் என்பது செக்கனுக்கு எத்தனை என்ற கணக்கு. செக்கனை அளக்கக் கருவியே இல்லாத காலத்துத் துறவிக்கு 528 எப்படித் தெரியும்? அது கடந்த நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் எண்சோதிடத்தில் பிறந்த சரக்கு. 432தான் இயற்கைச் சுருதி, 440 சதி என்ற கதையும் அதன் கூடப்பிறந்தது. 440 என்பது வாத்தியக்காரர்கள் ஒரே சுருதியில் சேர வசதியாகச் செய்துகொண்ட உடன்பாடு. ஆபத்தென்று சொல்லப்போனால் பெரிய ஆபத்து சத்தத்தின் அளவு. 80 டெசிபலில் வாரம் 40 மணித்தியாலம் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை. ரயிலை மூட வால்யூமைக் கூட்டுகிறவன் அதைச் சீக்கிரம் தாண்டிவிடுவான். வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தத் துடிப்பு ஒலி, மின்னும் ஒளி எதையும் தொடாமல் இருப்பது நல்லது.

இன்னொன்றும் உண்டு, அதைத் தொடாமல் மனநலம் பேசுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. 2020 மே 21, நோன்பு மாதம், ஊரடங்கு. ஒரு வர்த்தகர் காசு கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டு இதே மாளிகாவத்தையில் கூடிய நெரிசலில் மூன்று பெண்கள் மிதிபட்டு இறந்தார்கள். அதே வருடம் ஏப்ரலில் இருந்து 2021 பெப்ரவரி வரை கொரோனாவில் இறந்தவர்களை அடக்கவிடாமல் எரித்தார்கள். மையவாடியை ஜன்னலால் பார்த்துக்கொண்டு வாழ்கிற ஊரில் அது என்ன செய்தது என்பதை எந்த வினாக்கொத்தும் அளக்கவில்லை. 2022இல் ஒரு கட்டத்தில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. இந்த மனங்களின் பதற்றத்துக்குக் காரணம் அலை குழம்பியது என்று சொன்னால் கேட்கிறவர் சிரிப்பார்.

உதவி இல்லாமலும் இல்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். 1974இல் தொடங்கிய சுமித்ரயோ அமைப்பு இன்றும் கேட்கக் காது கொடுக்கிறது. ஆனால் அந்த நிறுவகம் இருக்கும் ஊரின் பெயரே கொழும்பில் ஒரு வசவு. "இவன அங்கொடைக்குத்தான் அனுப்போணும்" என்று சிரித்துச் சிரித்துச் சொல்லிப் பழகிய நாக்கு, தனக்கு நித்திரை இல்லை என்று ஒரு டாக்டரிடம் சொல்ல எழும்பாது. கல்யாணப் பேச்சு நடக்கும் வீடென்றால் இன்னும் மோசம். ஹேண்ட்ஸ்ஃப்ரீயை யாரும் சந்தேகிப்பதில்லை. பாட்டுக் கேட்கிறான் என்று நினைப்பார்கள். நோயாளி என்ற பெயர் இல்லாமல் மருந்து எடுக்கலாம். பைனோரல் பீட்ஸின் உண்மையான பலம் அதுவென்றே நினைக்கிறேன். ஆய்வாளர்கள் அதற்கு இன்னும் ஹெர்ட்ஸ் கண்டுபிடிக்கவில்லை.

பையனிடம் இதையெல்லாம் பாதி சொன்னேன். பரீட்சைப் பயத்தைப் பற்றி அவன் தாத்தாவிடமாவது (எங்கள் பேச்சில் அக்கா) வாய்விட்டுப் பேசச் சொன்னேன். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். பேசினானாம். அடிப்பைப் பற்றிச் சொன்னபோது மட்டும் அவன் முகம் மாறியது. சுரமானியில் செய்த பரிசோதனை அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "அப்ப நான் ஒண்டும் கேக்கவே இல்லையா மாமா?" என்று இரண்டு தடவை கேட்டான்.

அடுத்த வாரம் புறக்கோட்டை நடைபாதையில் புது ஹேண்ட்ஸ்ஃப்ரீ ஒன்று வாங்கி வந்தான். இரண்டு காதும் உயிரோடு. ஆசையாக எனக்கும் கேட்கத் தந்தான். நடுமண்டையில் 'வவ்வவ்' என்று அலைந்தது. டோவே கேட்டதும் இதுதான் என்று எனக்குக்கூட ஒரு சந்தோஷம்.

மூன்றாம் நாள் படிக்கட்டில் கண்டபோது கண் சிவந்திருந்தது.

"தலைக்குள்ள ஈ ஒண்டு பறக்கிற மாதிரி இரிக்கி மாமா. நித்திரையே வருதில்ல."

ஒரு பையனின் மூன்று இரவுகள் ஆய்வாகாது. என்றாலும் எழுதி வைக்கிறேன். இப்போது வலது காதைக் கழற்றித் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுத்தான் படுக்கிறானாம்.